பின்தலைக் கண்ணாடி

அப்பாவின் சலூனில் எனக்கு ஒரு வேலை உண்டு. யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முடி வெட்டி முடித்ததும், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்து, நாற்காலியில் இருப்பவரின் தலைக்குப் பின்னால் பிடிப்பேன். அவர் எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் தன் பின்தலையைப் பார்ப்பார். இடது பக்கம் திரும்புவார். வலது பக்கம் திரும்புவார். அப்புறம் பெரிய நீதிபதி மாதிரி மெதுவாகத் தலையாட்டுவார். இதுவரை ஒருவர்கூட "சரியில்லை" என்று சொன்னதில்லை.

அந்தத் தலையாட்டலை என் தம்பி வாண்டு அப்படியே செய்து காட்டுவான். அவனுக்கு ஆறு வயது. எனக்குப் பத்து. என்னை எல்லோரும் அரட்டை என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று நான் சொல்லவே வேண்டாம், கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்!

வாண்டுவுக்கு இரத்தத்தில் ஒரு நோய் வந்தது. சின்ன நோய் இல்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் அவனுக்கு ஒரு தனி அறை கொடுத்தார்கள். அம்மா கூடவே இருந்தார். அப்பா முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்கள் மட்டும் மேலே போகக் கூடாது.

"இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வா பாப்பா" என்றார் வாட்ச்மேன். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்து கொடுக்கக் கொடுக்க வாண்டுவின் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து அவன் போனில் முகம் காட்டுவதை நிறுத்திவிட்டான். "அக்கா என்னைப் பாக்கக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். சலூன்காரர் பையனுக்கே முடி இல்லை என்று எல்லோரும் சிரிப்பார்கள் என அவனுக்குப் பயம். பேச்சும் குறைந்துபோனது. நான் நூறு வார்த்தை பேசினால் அவன் "ம்" என்பான். இன்னும் நூறு பேசினால் "ம்ஹும்" என்பான்.

பேசியே சரிசெய்ய முடியாத ஒரு விஷயத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பள்ளி விட்டதும் அப்பா என்னை ஆஸ்பத்திரிப் புல்தரையில் இருக்கும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேலே போவார். சூரியன் அந்நேரம் கட்டடத்துக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருக்கும். கட்டடத்தின் நிழல் புல்மேல் மெல்ல மெல்ல என் பக்கமாக நகர்ந்து வரும். அது மதில் சுவரைத் தொட்டுவிட்டால், அன்றைய வெயில் அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சலூன் கண்ணாடி ஞாபகம் வந்தது.

"அம்மா, உங்க ரூம் ஜன்னல் எது?" என்று போனில் கேட்டேன்.

"நாலாவது மாடி. இடது ஓரத்துல இருந்து மூணாவது. எதுக்குடி?"

"போனை வாண்டுகிட்ட குடுங்க. டேய் வாண்டு, நாளைக்கு மூணேமுக்கால் மணிக்கு உன் ரூமுக்குள்ள ஒரு வெளிச்சம் வரும். ரெண்டு தடவை மின்னும். அது நான்தான். நீ முகம் காட்ட வேண்டாம். தினமும் வருவேன், சரியா?"

"ம்" என்றான். ஆனால் அந்த "ம்" கொஞ்சம் நீளமாக இருந்தது.

மறுநாள் கண்ணாடியைப் பைக்குள் மறைத்து எடுத்துப்போனேன். நான்காவது மாடியில் ஒன்பது ஜன்னல்கள். இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. திரை மூடியிருந்தது. யாருடைய கண்ணும் கூசாதபடி, வெளிச்சத்தை ஜன்னலின் மேல் விளிம்புக்கு ஏற்றி, இரண்டு முறை மின்ன விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை ஒரு கை அகலத்துக்கு விலகி மூடியது. மறுபடியும் விலகி மூடியது. இரண்டு முறை!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான்கு மாடி உயரம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது!

அடுத்த நான்கு நாட்களும் அதேதான். முதல் நாளே வாண்டுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. போன் பேச விடவில்லை. அப்பாவையும் அறைக்கு வெளியேதான் நிற்க வைத்தார்கள். பரவாயில்லை, நாங்கள்தான் தினமும் பேசிக்கொண்டிருந்தோமே!

ஐந்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. சலூனுக்கு வாண்டுவே போன் செய்தான். நான் ஓடிப்போய் எடுத்தேன்.

"நீ பொய் சொல்லிட்டே அக்கா" என்றான். "வெளிச்சமே வரல. தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்னடா சொல்றே? திரை ஆடுச்சே! ரெண்டு தடவை!"

"அது நான் இல்ல. நீ என்னை மறந்துட்டே."

போனை வைத்துவிட்டான்.

அப்பா யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே போய் மலைத்து நின்றேன். அவருடைய வலது கையில் கத்தி இருந்தது. அது எனக்கு இடது பக்கத்தில் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்பா! அம்மா உள்ளே நின்னு வெளிய பாத்து எண்ணியிருக்காங்க. நான் வெளிய நின்னு எண்ணியிருக்கேன். அவங்க இடது எனக்கு வலது!"

"நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாடி நிக்கிறவன் பொண்ணு" என்றார் அப்பா, "உனக்கா இடம் வலம் மாறிப்போச்சு?" நுரை முகத்தோடு நாற்காலியில் இருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் ஐந்து நாட்களாக எனக்குப் பதில் சொன்னது யார்?

மறுநாள் அப்பாவை மேலே விட்டார்கள். நான் புல்தரைக்கு ஓடினேன். வலது ஓரத்திலிருந்து மூன்றாவது ஜன்னல். கண்ணாடியைத் தூக்கினேன். அதற்குள் கண் தானாக இடது பக்கம் போனது. அங்கே மூன்றாவது ஜன்னலின் திரை முழுக்கத் திறந்திருந்தது. வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"தினமும் வெளிச்சம் விடுறது நீதானா பாப்பா?"

திரும்பினேன். பனைமரம் மாதிரி உயரமாக ஒருவர் மூச்சு வாங்க நின்றார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. தலையை ஆட்டினேன்.

"நான் லாரி ஓட்டுறேன்மா. அந்த ரூம்ல என் பொண்ணு இருக்கா. நாலு வயசு" என்றார். "பதினோரு நாள் நான் திரையைத் திறக்கவே இல்ல. வெளிய எல்லாரும் எப்பவும் போல நடந்துக்கிட்டு இருப்பாங்க, அதைப் பாக்க முடியல. யார்கிட்டயும் பேசவும் பிடிக்கல. பாப்பாவும் கண்ணை மூடியே படுத்திருந்தா. அன்னிக்குத் திரை இடுக்கு வழியா ஒரு வெளிச்சம் வந்து மேலே குதிச்சுது. பாப்பா கையைத் தூக்கி, 'அப்பா, அது யாரு?'ன்னு கேட்டா. அத்தனை நாள்ல அவ பேசின முதல் வார்த்தை. உடனே நானும் திரையை ரெண்டு தடவை விலக்கி மூடினேன். இப்ப நானும் அவளும் மணி பாத்துக்கிட்டே இருக்கோம். அது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வரச் சொன்னா. நர்ஸைப் பக்கத்துல உக்கார வச்சுட்டு ஓடி வந்தேன்."

நான் அண்ணாந்து அவரைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஆள், என் உள்ளங்கை அளவு வெளிச்சத்துக்காகவா மணி பார்த்துக்கொண்டிருந்தார்? நம்பவே முடியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"மாமா, அது என் தம்பிக்கு விட்டது. நான் தப்பா எண்ணிட்டேன். அவன் அந்த ஜன்னல்ல இருக்கான். நான் மறந்துட்டேன்னு நினைக்கிறான்."

அவர் வலது பக்க ஜன்னலைப் பார்த்தார். இடது பக்க ஜன்னலைப் பார்த்தார். "அப்போ உன் தம்பிக்கு விடும்மா. பாவம், அஞ்சு நாளா காத்திருக்கான்" என்றார். சிரித்துத்தான் சொன்னார். ஆனால் கண் இடது பக்க ஜன்னலிலேயே இருந்தது.

நிழல் என் செருப்பைத் தொட்டது. பின்னால் மதில் சுவருக்கு நாலைந்து அடிதான் இருந்தது. ஒரு கண்ணாடி, இரண்டு ஜன்னல். யோசி அரட்டை, யோசி!

பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். புத்தகம், பென்சில், டிபன் டப்பா. டப்பாவின் எவர்சில்வர் மூடியைப் பாவாடையில் அழுத்தித் துடைத்து வெயிலில் காட்டினேன். மங்கலாக, ஆனால் பெரிய தட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம் சுவரில் ஏறியது.

"மாமா, நீங்க கண்ணாடியை எடுத்துக்கோங்க. பாப்பா அதைத்தான் பாத்துப் பழகியிருக்கா."

"அது உன்னோடது. எனக்கு மூடி போதும்" என்று வாங்கிக்கொண்டார். லாரி ஓட்டும் அந்தப் பெரிய கைகளில் மூடி ஒரு பொட்டு மாதிரி இருந்தது. முதலில் வெளிச்சம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. பிறகு ஒரு காக்கா மேல் பட்டது. காக்கா கத்திக்கொண்டு பறந்தது. மூன்றாவது தடவை ஜன்னலுக்குள் போய்விட்டது. உள்ளே நர்ஸ் ஒரு சின்னக் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

"நான்தான்டா செல்லம்! அப்பாதான்!" என்று அவர் கத்தினார். நான்கு மாடிக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் கத்தினார்.

நான் மதில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, வலது பக்க ஜன்னலில் இரண்டு முறை மின்ன விட்டேன்.

பதில் இல்லை. மறுபடியும் இரண்டு முறை. அம்மா ஜன்னலுக்கு ஓடி வந்தார். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்து ஏதோ சொன்னார்.

அப்போதுதான் மற்ற ஜன்னல்களைக் கவனித்தேன். ஒரு திரை விலகியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒன்பது ஜன்னல்களிலும் யாரோ நின்றார்கள். ஒரு அம்மா, தோளில் குழந்தையோடு ஒரு அப்பா, கழுத்தில் துண்டோடு ஒரு அத்தை. இத்தனை நாளும் இவர்களெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு ஜன்னலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நாளைக்கு இன்னும் ஏழு மூடி வேணும்" என்றேன்.

"நான் கொண்டு வரேன். லாரி நிறைய கொண்டு வரேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் எங்கள் ஜன்னலுக்கு அப்பா வந்தார். அவர் கையில் வாண்டு இருந்தான். தலையில் குல்லா. என்னை எட்டிப் பார்த்தான். நான் வெளிச்சத்தைச் சட்டென்று மேலே ஏற்றி அசையாமல் நின்றேன்.

வாண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, மெதுவாகக் குல்லாவைக் கழற்றினான்.

கழற்றிவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டித் திரும்பினான். எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிடிப்பது போலவே இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து, அவன் பின்தலையில் வெளிச்சத்தை வைத்தேன். அந்தக் குட்டி மொட்டைத் தலை பளபளவென்று மின்னியது.

வாண்டு இடது பக்கம் திரும்பினான். வலது பக்கம் திரும்பினான். அப்புறம் பெரிய நீதிபதி மாதிரி மெதுவாகத் தலையாட்டினான்.