நடுத்தெருவில் கஷாயச் சக்கை

டெலிபோன் அலறியது.

சீனாவின் செங்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சி அறை. டாக்டர் பெய்லான் எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் மோ பேசறேன். உங்க தொண்டை மருந்துப் பரிசோதனையில யூஹேன்னு ஒரு பாட்டு டீச்சர் இருந்தாங்களே..."

"இருந்தாங்களேன்னா...?"

"காலையில இறந்துட்டாங்க. தொண்டையில சீழ் கட்டி மூச்சை அடைச்சிருக்கு. நேர்ல வர்றேன்."

ரிசீவர் நழுவியது.

நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு பான்லான்கென் என்ற மூலிகையின் வேர்த்தூள். மீதிப் பேருக்குக் கசப்பு சேர்த்த வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியக் கூடாது. அவளோ சீல் வைத்த பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பிரித்திருந்தாள். தொண்டை மோசமானவர்களை எல்லாம் மாவுப் பக்கம் தள்ளியிருந்தாள்.

அப்போதுதானே மருந்து ஜெயிக்கும்?

பாவி, ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டாய் என்றது மனசு.

இன்ஸ்பெக்டர் மோ வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே ஏதோ ஈரச் சக்கை. அவர் உட்காருவதற்குள் அவள் கொட்டிவிட்டாள்.

"நான்தான் சார் கொன்னேன். அவளுக்கு மருந்தே கொடுக்கலை... வெறும் மாவு. தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

மோ தலையைச் சொறிந்தார்.

"தெரிஞ்சேவா? அது எனக்குத் தெரியாதே, டாக்டரம்மா. நான் கேக்க வந்தது வேற. இந்தச் சக்கை அவங்க வீட்டு முன்னாடி நடுத்தெருவுல கிடந்துச்சு."

"கஷாயம் காய்ச்சின சக்கை. மிதிக்கிறவங்க காலோட நோய் போயிடும்னு தெருவுல கொட்டுவாங்க. ஆனா நாங்க கொடுத்தது தூள் சார். சக்கையே வராதே..."

"வராதில்ல? புருஷன்காரன் சொல்லிட்டான். உங்க மாவைக் கரைச்சு ஒரு வாய் குடிச்சுப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டானாம். சின்ன வயசுலேர்ந்து பான்லான்கென் குடிச்ச நாக்கை ஏமாத்த முடியுமா? கடையில வேர் வாங்கி மூணு வேளையும் காய்ச்சிக் கொடுத்திருக்கான். உங்க நோயாளிங்க வீசாட் குரூப்புலயும் விசாரிச்சேன். பாதிப் பேர் வீட்ல இதே கதை."

பெய்லான் நாற்காலியில் சரிந்தாள். இரண்டு வருஷ ஆராய்ச்சி... வேருக்கும் வேருக்கும் போட்டி!

"அப்படின்னா அவ நிஜ மருந்துதான் குடிச்சிருக்கா..."

"குடிச்சாங்க. குடிச்சும் போயிட்டாங்க. பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் தொடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினது யாரு?"

"நான்."

அவளுக்கு அழக்கூட வரவில்லை.

"கிளம்புங்க ஸ்டேஷனுக்கு." மோ கரகரவென்று இருமினார். "அதுக்கு முன்னாடி ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுங்க. இந்தச் சக்கையை மிதிச்சவன் நான்தான்... எனக்கு ஆன்டிபயாடிக்கே போதும்."