நகர்ந்து வந்த தொப்பி

வெளியே தூசிப்புயல். வளைகுடா நாட்டு நகரான அப்பாசியாவில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் பட்டப்பகலிலேயே ஆரஞ்சு நிறமாகிவிட்டன. பஸ் வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். நாடகக் குழு மட்டும் அரங்கில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றா சொன்னேன்? சண்டை போட்டுக்கொண்டிருந்தது!

நாடகம் குவேக்கர்களைப் பற்றியது. சுமார் முன்னூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவக் கூட்டம் அது. பாதிரியார் கிடையாது, பாட்டும் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ஒளி யாரைப் பேசச் சொல்கிறதோ, அவர் எழுந்து பேசுவார். ராஜாவே வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். கடவுளை வேண்டும்போது மட்டும்தான் கழற்றுவார்கள்.

"ஜெபத்தில் கழற்றுவதை மட்டும் ஏன் சட்டமாக வைக்க வேண்டும்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், கூட்டத்துக்குள் இரண்டு கட்சி.

நாடகம் போடும் ஆறாம் வகுப்பிலும் இரண்டு கட்சி.

"உள்ளே தோணினாத்தான் கழட்டணும். சும்மா கழட்டினா அது நடிப்பு" என்றாள் இஃப்பத்.

"ஆளாளுக்குத் தோணினதைச் செஞ்சா அது கூட்டமா? எல்லாரும் சேர்ந்து கழட்டணும்" என்றாள் சங்கீதா.

இதெல்லாம் வெறும் வசனம்தான். ஆனால் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரு வாரமாக நாடகத்துக்கு வெளியே பேசிக்கொள்வதே இல்லை. இஃப்பத்துக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"நாடகம் எப்படி முடியணும்னு இன்னிக்கு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு நாடகமே கிடையாது, கலாஸ், முடிஞ்சது!" என்றார் பத்மநாபன் சார். "நான் பஸ் என்னாச்சுன்னு பார்க்கிறேன். அதுவரைக்கும் மௌனக் காட்சியை ஒத்திகை பாருங்க."

சார்ட் பேப்பரில் செய்த கறுப்புத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். காற்று கதவை உறுமிக்கொண்டே உலுக்கியது. யாரும் பேசவில்லை.

புஸ்... புஸ்...

யாரோ மூச்சு விட்டார்கள். இஃப்பத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்களில் யாரும் இல்லை. சத்தம் மேடை மூலையின் இருட்டிலிருந்து வந்தது. அங்கே மிச்சமான தொப்பி ஒன்று கிடந்தது.

அது நகர்ந்தது. நின்றது. மறுபடியும் மெல்ல நகர்ந்தது. அடியில் தலையும் இல்லாமல், உடம்பும் இல்லாமல், தொப்பி மட்டும் அவர்களை நோக்கி வந்தது!

"ஜின்னு!" என்றான் நிஜாம்.

"இல்லடா, பேய்!" என்றாள் சங்கீதா.

அதிலும் இரண்டு கட்சியாகிக் கத்தினார்கள். தொப்பி சட்டென்று நின்றது. நிஜாம் துடைப்பத்தை ஓங்கினான். "ஒரே போடு!"

இஃப்பத் ஒன்றைக் கவனித்தாள். கத்தினால் தொப்பி நிற்கிறது. அமைதியானால் வருகிறது.

"அடிக்காதே! நம்மளப் பார்த்துத்தான் அது பயப்படுது."

தொப்பியை மெல்லத் தூக்கினாள். உள்ளே ஒரு முள்பந்து!

"ஹெட்ஜ்ஹாக்!" என்றாள் சங்கீதா. புயலுக்குப் பயந்து கதவிடுக்கில் நுழைந்த முள்ளெலி அது.

எல்லோரும் குனிந்தார்கள். உயரமான தொப்பிகளின் நிழல் அதன்மேல் விழுந்தது. அது இன்னும் இறுகச் சுருண்டுகொண்டு, புஸ் புஸ் என்று சீறியது.

இஃப்பத்துக்குப் புரிந்தது. தன் தொப்பியை மெதுவாகக் கழற்றினாள். சங்கீதா அவளைப் பார்த்தாள். தன்னுடையதைக் கழற்றினாள். பிறகு நிஜாம். பிறகு எல்லோரும். யாரும் ஒரு சொல் பேசவில்லை.

முள்பந்து விரிந்தது. ஈர மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. சங்கீதா அட்டைப்பெட்டி ஒன்றைச் சாய்த்துவைத்தாள். முள்ளெலி குடுகுடுவென்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"புயல் அடங்கினதும் வெளியே விட்டுடலாம்" என்று வாசலிலிருந்து ஒரு குரல். சார்தான். எப்போது வந்தாரோ! "ஆமா, யார் சொல்லித் தொப்பியைக் கழட்டினீங்க?"

"எல்லாரும் சேர்ந்துதான் சார் கழட்டினோம்" என்றாள் இஃப்பத்.

"ஆனா அவங்கவங்களுக்குத் தோணித்தான் கழட்டினோம்" என்றாள் சங்கீதா.

சார் சிரித்துவிட்டார். "அப்போ நாடகத்துக்கு முடிவு கிடைச்சாச்சு."

பஸ் வந்தது. சங்கீதா ஜன்னல் சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

"வந்து உட்காருடி. ஒரு வாரமாப் பேசாம எனக்கு வாயே வலிக்குது."