சுப்புராயனின் இடது கால்

2009 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறி சுற்றியும் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிய வார்டில், மாலதியின் வலது உள்ளங்கை மட்டும் சில்லென்று இருந்தது.

கடலூரில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று நடந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு அவள் வாரம் மூன்று நாள் சாயங்காலம் போவாள். சம்பளம் கிடையாது. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்காத நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டுவாள், பேப்பர் படித்துக் காட்டுவாள். பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் ஆளில்லாமல் செத்துப்போனான். அதிலிருந்து மனசு மரத்துக் கிடந்தது. இங்கே வந்தால் பொழுதாவது போனது.

ஹவில்தார் சுப்புராயனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பனிமலையில் காவல் நின்றபோது விறைத்து அழுகி, எடுத்துவிட்டார்கள். இருபது வருஷம் கழித்தும் அந்த இல்லாத கால் குளிரில் வலிக்கிறதென்று அழுவார்.

"அவரு கேட்டாலும் வெறும் எடத்த அமுக்கி வுடாதீங்க," என்று நர்ஸ் ஆரோக்கியம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

பெரிய மனுஷன் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், வெறும் காற்றை, மாலதி அமுக்கிவிட்டாள். அவர் உடனே தூங்கிப்போனார்.

அன்றைக்குத்தான் உள்ளங்கை சில்லிட்டது. அதன் பிறகும் அவர் அழும்போதெல்லாம் அமுக்கினாள். அடுத்த வாரம் விரல் நுனிகள் மரத்தன. அதற்கடுத்த வாரம் ரவிக்கை தைக்கையில் துணியில் ரத்தம் பரவியதைப் பார்த்த பிறகுதான், ஊசி விரலுக்குள் இறங்கியிருப்பது தெரிந்தது. தையல்தான் அவளுக்குச் சோறு. அண்ணாமலை நகரில் படிக்கும் மகள் இலக்கியாவுக்கு அதுதான் ஹாஸ்டல். இந்தக் கை போனால் எல்லாம் போச்சு. பயந்தாள். ஆனால் அந்தப் பயம்கூட வேறு யாருக்கோ வந்ததுபோல் எட்டவே நின்றது.

இனி முடியாதென்று சொல்லத்தான் வியாழக்கிழமை போனாள். டெட்டால் நெடிக்கு அடியில் ஈரக் கம்பளி வாடை அடித்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவள் சுப்புராயனின் கட்டிலருகே வந்ததும் அந்தச் சத்தம் அடங்கிப்போனது.

"கை மரத்துப் போவுதுண்ணே. என்னால முடியாது."

"இன்னிக்கி மட்டும் தங்கச்சி. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கு."

"என்னா பாக்கி?"

அவர் அழுதார்.

கையை வைத்தாள். அமுக்கினாள். குளிர் மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு. பிறகு குளிரும் இல்லை. எதுவுமே இல்லை.

"சூடு வந்துடுச்சி," என்று சிரித்தார் சுப்புராயன்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டதாக நினைத்தாள்.

போர்வை மேடாக இருந்தது. அவரே விலக்கினார். முழங்காலுக்குக் கீழே ஒல்லியாக ஒன்று. நுனியில் ஐந்து விரல்கள். கால் விரல்கள் அல்ல.

மாலதி மடியைக் குனிந்து பார்க்கவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

அங்கே அசைந்தன.