வாடை நின்ற மத்தியானம்

"ஆட்டின் ராணி, அந்தச் செவப்பு இதயச் சீட்டு மட்டும் வந்துட்டா போதும் கிரேஸி. ஆட்டம் முடிஞ்சிடும்" என்றார் ஜெயகரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆலயத்திலிருந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கிரேஸி உபதேசியார் மகள். அவள் பிறந்த வீட்டில் சீட்டுக்கட்டு வாசல்படி ஏறியதில்லை.

"பிரசங்கம் கேட்ட காது இன்னும் சூடு ஆறல. அதுக்குள்ள சீட்டாட்டமா? உபதேசியார் மருமகன் பண்ற வேலையாங்க இது?"

"சீட்டுக்கட்ட எங்க வச்சிருக்கேன், காட்டு பாக்கலாம். உங்கப்பாவே எழுந்து வந்து தேடினாலும் கெடைக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் போன் அடித்தது. பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் டேனரியில் அவர் சூப்பர்வைசர். கழிவுநீர்த் தொட்டியின் பம்ப் அடைத்துக்கொண்டதாம்.

"லீவு நாள்லயும் பேஜார்" என்று எழுந்தார். கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடாமல், வீட்டில் எல்லோருடைய பெயரும் வரிசையாகத் தெரியும் முதல் திரைக்கு மட்டும் மாற்றினார். "ஆட்டத்த மூடிடாத. வந்து முடிக்கிறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். அவர்களைத் தூக்க இவர் இறங்கினார். மூன்று பேரையும் ஒன்றாகத்தான் மேலே எடுத்தார்கள். கிரேஸி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். சேதி கேட்டு அவளும் ஓடினாள். இருபது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு, வண்டிக் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

கல்யாணமான புதிதில், அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அழுகிய முட்டையும் ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது.

"வாடை அடிக்கிற வரைக்கும் சந்தோஷப்படு" என்பார் அவர். "மூக்கு உயிரோட இருக்குதுன்னு அர்த்தம். குழி வாயு ஜாஸ்தியாச்சுன்னா மொதல்ல மூக்கத்தான் சாகடிக்கும். வாடை திடீர்னு நின்னுச்சுன்னா, அப்பாடான்னு நெனைக்கக் கூடாது. திரும்பிப் பாக்காம ஓடணும். எவன் விழுந்து கெடந்தாலும் எறங்கக் கூடாது."

சொன்னவர்தான் இறங்கினார்.

துக்க வீட்டில் யாரோ கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு, ஒரு நாள் கிரேஸி அதைப் போட்டாள். பின்பக்க விசிறி சுற்றத் தொடங்கியதும் அறையில் அந்த வாடை மெல்லப் பரவியது.

அவள் பயப்படவில்லை. வேலை முடிந்து குளிக்காமல்கூட வந்து உட்காருகிற மனிதர். அவர் மேலிருந்த தூசியையெல்லாம் அந்தப் பெட்டி உள்ளே இழுத்து வைத்திருக்கிறது, சூடேறினால் வெளியே விடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் மூன்று பெயர்கள். ஜெயகரன். கிரேஸி. மகன் ஜெஸ்டன். ஜெயகரன் பெயருக்குக் கீழே மட்டும் ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெஸ்டனிடம் போனில் சொன்னாள். "அணைச்சுப் போட்டா அது போயிடும்மா. நீ சரியா பாத்திருக்க மாட்ட" என்றான்.

அவள் அணைத்துப் போட்டாள். பலமுறை. அந்த வரி போகவில்லை. அவருடைய பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை.

மூன்று வருஷம் கழித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த ஜெஸ்டன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பினான். பழையது எந்த நேரமும் படுத்துவிடும், இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றிவிடலாம் என்றான்.

"அப்பாவோடதும் மாத்தணும்" என்றாள் கிரேஸி.

"அதுல ஒண்ணும் இருக்காதும்மா."

"ஒண்ணும் இல்லாம போவட்டும். அவர் பேரு இருக்கணும். பொட்டிய போட்டா நம்ம ரெண்டு பேர் பேரு மட்டும் வர்றத என்னால பாக்க முடியாது."

பஜாரில் கடை வைத்திருந்த ஆபித் பாஷாவை ஜெஸ்டனே ஏற்பாடு செய்தான். பள்ளிக்கூடத்தில் ஜெஸ்டனோடு படித்த தோஸ்த். ஒரு வெயில் மத்தியானம் பையோடு வந்தவன், பழைய பெட்டியைப் போட்டதும் மூக்கைச் சுளித்தான்.

"இன்னா சிஸ்டர், கம்ப்யூட்டர் உள்ளாற ஆட்டுத்தோல ஊறப் போட்டிருக்கீங்களா?"

"வாய்க் கொழுப்பா? வேலைய பாரு தம்பி. டீ போட்டுத் தர்றேன்."

வெயில் திரையில் அடித்ததால் ஜன்னல் கதவுகளை அவனே சாத்தினான். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு ஒயரைச் சொருகினான். முதலில் கிரேஸியின் கணக்கு, பிறகு ஜெஸ்டனுடையது. ஒவ்வொருவருடைய போட்டோ, பாட்டு, ஃபைல்கள் எல்லாம் பழையதிலிருந்து புதியதற்குப் போய்ச் சேர்ந்தன. புதிய திரையில் இரண்டு பெயர்கள் வந்தன.

"இப்ப அங்கிளோடது. பாஸ்வேர்ட எடுத்துடறேன், இல்லன்னா உள்ள போக முடியாது."

ஏதோ தட்டினான். ஜெயகரன் பெயரை அழுத்தினான். கதவருகே நின்றிருந்த கிரேஸி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

திரை திறந்தது.

பச்சைப் பின்னணியில் சீட்டுகள் பரப்பிக் கிடந்தன. பாதி ஆட்டம்.

வாடை ஏறியது. தூசி சூடாகி வருகிற வாடை இல்லை அது. ஈரமாக இருந்தது. தொண்டையில் இறங்கிக் கண்ணைக் கரித்தது. எங்கோ ஆழத்தில் சேறு கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

"யா அல்லா, இன்னா நாத்தம் இது!" ஆபித் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். "எல்லா புரோகிராமையும் மூடுன்னு கேக்குது சிஸ்டர். இந்த ஆட்டத்த மூடிட்டா மாத்திடலாம்."

"மூடாத தம்பி."

"மூடாம மாத்த முடியாதே."

"வேணாம், மூடாத..."

அவன் அழுத்திவிட்டான்.

வாடை நின்றது.

குறையவில்லை. கத்தியால் அறுத்ததுபோல நின்றது.

"அப்பாடா" என்றான் ஆபித்.

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சுவரிலிருந்த பல்லி மேசைமேல் பொத்தென்று விழுந்தது. மல்லாந்து கிடந்தது. அசையவில்லை.

"ஆபித், எழுந்து வா."

"வர்றேன் சிஸ்..."

அவன் தலை மெல்லக் கவிழ்ந்து விசைப்பலகையில் சாய்ந்தது. நாற்காலி சரிந்தது. தரையில் விழுந்தான்.

திரும்பிப் பாக்காம ஓடணும். எவன் விழுந்து கெடந்தாலும் எறங்கக் கூடாது.

கிரேஸி கதவின் இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே போனால் அவளும் அங்கேயே விழுவாள். மூன்று வருஷமாக ஒரே ஒரு கேள்வியைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிஞ்சும் ஏன் எறங்கினீங்க? இப்போது அந்தப் பையனின் செருப்பில்லாத காலைப் பார்த்தபோது, கேள்வி அவளை விட்டுப் போனது.

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள். வாட்டசாட்டமான உடம்பு. முதலில் அசையவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பிறகு திடீரென்று கனம் போயிற்று. அந்தப் பக்கம் யாரோ தூக்கிக் கொடுப்பதுபோல அவன் உடம்பு வழுக்கிக்கொண்டு வந்தது. வராந்தா தாண்டி, முருங்கை மர நிழல்வரை இழுத்து வந்துதான் மூச்சு விட்டாள்.

வாயோடு வாய் வைத்து ஊதினாள். கன்னத்தில் அறைந்தாள். இருமினான். கண்ணைத் திறந்து அவளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னொருத்தர் எங்க சிஸ்டர்?"

"யாரு?"

"தலமாட்டுல புடிச்சாரே. என்னத் தூக்கினவரு."

கிரேஸி அவன் சட்டையைப் பார்த்தாள். அவள் பிடித்தது காலை மட்டும்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில், இரண்டு அக்குளுக்குக் கீழேயும் சாம்பல் நிறச் சேறு ஈரமாக ஒட்டியிருந்தது. பத்து விரல்களும் தனித்தனியாகப் பதிந்திருந்தன.

ஆபித்தும் அதைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, பனியனோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் ஜெஸ்டன் பஸ் ஏறி வந்தான். தெருச் சாக்கடை வாயு அறைக்குள் அடைத்திருக்கும் என்றான். பேசும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய பெட்டி எத்தனை முறை தட்டியும் உயிர் பெறவில்லை. அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினான்.

"அப்பாவோடது மாத்த முடியலம்மா. ஆரம்பிக்கவே இல்ல அவன்."

"சரிடா."

அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு, கிரேஸி புதுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாக உரிக்கவில்லை. தூசி படியாத பெட்டி. விசிறி சுற்றியது.

மெல்ல, மிக மெல்ல, அந்த வாடை வந்தது.

திரையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயருக்குக் கீழே அந்தச் சின்ன வரியும் இருந்தது. அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. பச்சைத் திரையில் அதே சீட்டுகள், வைத்த இடத்தில் வைத்தபடி.

அவள் எதையும் தொடவில்லை. மூடவும் இல்லை. முதல் திரைக்கு மாற்றிவிட்டு எழுந்துவிட்டாள்.

இப்போதும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் அதைப் போடுகிறாள். போட்டதும் அறைக்கு வெளியே வந்து நிற்கிறாள். வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கிறாள். வந்த பிறகுதான் உள்ளே போய்த் திரையைப் பார்க்கிறாள்.

ஆட்டின் ராணி இன்னும் வரவில்லை.