பேப்பர் காக்பிட்

பீரோக் கதவில் ஒட்டியிருந்த படத்தில் வேகமுள் இடம் மாறியிருந்தது.

தமிழ்மதி கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். விமானத்தின் காக்பிட்டை அப்படியே அச்சடித்த பெரிய தாள் அது. பைலட் வேலைக்குப் பயிற்சி எடுப்பவர்கள் இப்படி ஒன்றை ஒட்டிவைத்து, முன்னால் நாற்காலி போட்டு, படத்து லீவர்களைத் தொட்டுத் தொட்டுப் பழகுவார்கள். ஆறு மாதமாக அந்த முள் நூற்று நாற்பதில் நின்றது. இப்போது நூற்று நாற்பத்தெட்டு. அச்சடித்த முள் எங்காவது நகருமா? படித்துப் படித்துப் புத்தி பேதலித்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாளை மறுநாள் பெங்களூரில் தேர்வு. டேக் ஆஃபில் ஒரு இன்ஜின் போய்விட்டால், இறக்கையில் நீட்டி வைத்திருக்கும் பிளாப்புத் தகடுகள்தான் அந்தக் குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்கும். மேலே ஏறி, வேகம் சேர்ந்த பிறகே அவற்றை ஒவ்வொரு படியாக மடக்க வேண்டும். முந்தினால் விமானம் கீழேதான். போன தடவை முந்தித்தான் தோற்றாள். இந்தத் தடவையும் தோற்றால் வேலை இல்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். அம்மா சொர்ணலட்சுமி வந்து வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் நானும் இருக்கேன். சொல்லு புள்ள."

அம்மாதான் இன்னொரு பைலட். மதி "பிளாப்ஸ் ஒன்" என்றதும் வேகத்தைப் பார்த்து, "ஸ்பீட் செக்ட்" சொல்லி, பிளாப் லீவரைத் தள்ளி ஒரு படி மடக்க வேண்டும். தாளில் பார்க்க என்ன இருக்கிறது? அம்மா பார்க்காமலே சொல்லிவிடுவாள். அடுப்படியில் குழம்பு, வெஞ்சனம் வைத்துவிட்டு வந்து இம்புட்டுச் செய்வதே பெரிது என்று மதியும் ஒருநாளும் திருத்தவில்லை.

"இன்ஜின் ஒண்ணு போச்சு" என்று தொடங்கினாள்.

மதிய வெக்கையில் அதுவரை ஒரே சீராக ஓடிய ஃபேன் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இத்தனை நேரமும் இருந்திருக்கிறது, அது நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. நிற்கவும் அறை இடப்பக்கம் மெல்லச் சரிந்தது, காது அடைத்தது, கருகிய எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

ஜன்னலில் தென்னை இல்லை. வானம் மட்டும்.

எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள். படிக்கட்டு இல்லை. காற்று முகத்தில் அறைந்தது. அடியில், எங்கேயோ கீழே, அவர்கள் ஊரான அகரத்து வயல்கள் கட்டம் கட்டமாக ஓடின. ஐயோ! கதவைச் சாத்திவிட்டுத் தவழ்ந்து வந்து நாற்காலியைப் பிடித்தாள். போக வேறு இடமில்லை.

முள் நூற்று நாற்பத்திரண்டு. பிளாப்பை மடக்க நூற்றறுபத்தைந்தாவது வேண்டும்.

"எம்மா, எதையும் தொடாத. நான் சொல்றவரைக்கும் தொடாத."

"சரி புள்ள."

விமானத்தின் மூக்கை இறக்கு. வேகம் சேரட்டும். தாளில் இருந்த ஸ்டிக்கை அழுத்தினாள். விரலுக்குக் கனமாக இருந்தது. நூற்று நாற்பத்தைந்து. நாற்பத்தேழு. ஏறுது. சாமி, ஏறுது.

"ஸ்பீட் செக்ட்" என்றாள் அம்மா.

"எம்மா, நான் சொல்லலையே!"

அம்மா முள்ளைப் பார்க்கவில்லை. மதியைப் பார்த்தே சிரித்தாள். அவள் கை தாளில் இருந்த லீவரைத் தள்ளியது.

டக்.

நாற்காலி உதறியது. அறை பொத்தென்று கீழே இறங்கியது. மதி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சில்லென்றிருந்தது.

ஜன்னலில் வானம் போய் மண் வந்தது. தென்னைகள். தெரு. அவர்கள் வீட்டு மொட்டைமாடி.

அங்கே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"எம்மா! ஓடு!"

பக்கத்து நாற்காலியில் இருந்தது இரண்டாவது படியையும் மடக்கியது.

"ஸ்பீட் செக்ட்."

கீழே அம்மா ஈரச் சேலையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் முகம் ஜன்னல் நிறையப் பெரிதாகிக்கொண்டே வந்தது.