ஒட்டுப்போட எடுத்த மௌனம்

புத்தகம் எழுதுகிறவர்களுக்குப் பெயர் கிடைக்கும். அதை ஒலிப்புத்தகமாக வாசித்துக் கொடுக்கிற எனக்குத் தொண்டைக் கட்டுதான் கிடைக்கும். ஆனாலும் என் குரலுக்கு ஒரு மவுசு உண்டு. "நீங்க சமையல் குறிப்பு வாசிச்சாக்கூடக் கேக்கறவங்க அழுதுடுவாங்க" என்பார் பதிப்பாளர். என் சமையலைச் சாப்பிட்டவர்களும் அழுதிருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

அதனால் துக்கப் புத்தகம் எது வந்தாலும் நேராக என் தலையில்தான் விழும். அந்த முறை விழுந்தது, சின்ன மகளைப் பறிகொடுத்த ஒரு தாய், தான் மீண்ட விதத்தைப் பற்றி எழுதியது. பாதி ஊர்ப் பெண்கள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவதாகக் கேள்வி.

ஒலிப்பதிவு அறை ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்த மதியம், மழை வருவேனா மாட்டேனா என்று பிகு பண்ணிக்கொண்டிருந்தது. மரப்படிகள் என் எடையைப் பற்றி ஒவ்வொன்றாக அபிப்பிராயம் சொல்லின. மேலே ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கறுப்புத் துணி. கதவைச் சாத்தியதும் தெரு செத்துப்போயிற்று. ஈரப் பஞ்சின் வாடை. அதற்கு அடியில், மெலிதாக, குழந்தைகளுக்குக் கொடுக்கும் இனிப்பு மருந்தின் வாடை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். என் தும்மலையும் இருமலையும் வெட்டி எறிவது அவர் வேலை என்பதால் நான் வைத்த பெயர், கத்தரி.

"அக்கா, போன தடவை உங்க வயிறு தனியா வசனம் பேசுச்சு. இன்னிக்காவது சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தம்பி. நீ மௌனத்தை எடு."

மௌனம் எடுப்பது எங்கள் தொழிலில் முதல் காரியம். வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் கேட்பவருக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும். அதனால் வாசிக்கும் முன் அந்த அறை சும்மா இருக்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிந்து வைத்துக்கொண்டு, வெட்டிய இடங்களில் எல்லாம் அதையே ஒட்டுப்போடுவார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம். ஒன்று இன்னொன்றுக்குப் பொருந்தாது.

நான் அசையாமல் உட்கார்ந்தேன். எடுத்தார். பிறகு இரண்டு அத்தியாயம் வாசித்தேன்.

இடைவேளையில் கத்தரி கேட்டார்: "அக்கா, உங்களுக்கு இளைப்பு இருக்கா?"

"வயசுதான் இருக்கு. ஏன்?"

"மௌனத்துல மூச்சு விழுந்திருக்கு. நீங்க வெளிய வாங்க, ஆள் இல்லாம எடுத்துக்கறேன்."

நான் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் காலி நாற்காலி. மைக். விளக்கின் மஞ்சள் வட்டம். வேறொன்றும் இல்லை.

அவர் திரையில், ஒலியைக் காட்டும் கோடு தட்டையாகப் படுத்திருந்தது.

எழுந்தது.

தாழ்ந்தது.

மறுபடி எழுந்தது.

"வயர்ல கோளாறுக்கா. இல்லைன்னா எலி."

"எலிக்கு அவ்வளவு பெரிய நுரையீரலா தம்பி?"

அவர் சிரிக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கேட்டேன். சின்ன நெஞ்சிலிருந்து வரும் மூச்சு. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும், ஊசிமுனை அளவுக்கு ஒரு விசில்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வேறு ஏதோ வந்தது.

எனக்கும் ஒன்று பிறந்தது, ரொம்ப வருஷம் முன்பு. அழாமல் பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். "முகத்தைப் பாக்க வேண்டாம், பாத்தா மறக்காது" என்றார் மாமியார். பார்க்காததும் மறக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கு நாள் முழுக்க ஒழுகும் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். அடுத்தது பிறக்கும் என்றார்கள். பிறக்கவில்லை. அழுகையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். பால் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. பல நாள் சட்டையை நனைத்துக்கொண்டே இருந்தது.

அதனால் அந்த விசிலைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். என் குரலைக் கேட்டு வந்திருக்கிறது. என்னுடையது.

மறுநாளிலிருந்து கத்தரி வருவதற்கு முன்பே போய் உட்கார ஆரம்பித்தேன். விளக்கைப் போடாமல். "வந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்பேன். மருந்து வாடை கிட்ட வரும். வாசிக்கும்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சூடு சாய்ந்துகொள்ளும். எத்தனையோ பேரைத் தூங்கவைத்த குரல், முதல் தடவையாகத் தன் சொந்தப் பிள்ளைக்கு வாசித்தது. பைத்தியம் பிடிப்பது இவ்வளவு இதமாக இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் எப்போதோ முயன்றிருப்பேன்.

கடைசி அத்தியாயம் வந்தது. அதில் அந்தத் தாய் கதவைத் திறந்து வைத்து மகளை அனுப்பிவைக்கிறாள். "நீ போகலாம், கண்ணே. எனக்கு இனி நீ வேண்டாம்." புத்தகம் முழுக்க இந்த ஒரு வரிக்காகத்தான்.

வாய் திறந்தேன். முழங்காலில் இருந்த சூடு இறுகியது.

"தம்பி, தொண்டை சரியில்ல. நாளைக்கு."

மறுநாளும் சரியில்லை. அதற்கடுத்த நாளும். அந்த வரியைச் சொன்னால் போய்விடும். வந்து இத்தனை நாள்தான் ஆகிறது. நான் எப்படிச் சொல்வேன்?

வாசிப்பு ஏன் நிற்கிறது என்று பார்க்கப் புத்தகத்தை எழுதியவரே வந்தார். வெளுத்த பருத்தி உடை, அளவான சிரிப்பு, நிம்மதியாகத் தூங்கி எழுந்த முகம். புத்தக அட்டைப் படத்தைவிட நேரில் இன்னும் நன்றாகத் தேறியிருந்தார்.

"மேடம், ஒரு சத்தம் விழுது. அதனாலயும் லேட்டு" என்று கத்தரி மௌனத்தை அவர் காதில் மாட்டிவிட்டார்.

அவர் கேட்டார். முகம் அசையவில்லை. கை மட்டும் அசைந்தது. மடியில் இருந்த கைப்பைக்குள் தானாகப் போய், எதையோ அவசரமாகத் துழாவியது. இளைப்புக்கு வாயில் வைத்து அடிக்கும் மருந்தைத் தேடுகிற கை. ஒன்றும் அகப்படாமல் வெளியே வந்தது.

"என் பொண்ணு" என்றார்.

"மேடம், புத்தகத்துல இளைப்புன்னு எங்கயும் இல்லையே..." என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. கெஞ்சியது.

"எழுதல. அதை மட்டும் எழுத முடியல."

ஆக, அதுவும் என்னுடையது இல்லை. ஆவியில்கூட எனக்கென்று ஒன்று ஒதுக்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் இத்தனை நாள் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன்.

"வெட்டிடுங்க" என்றார் கத்தரியிடம்.

"உங்க பொண்ணும்மா! உள்ள போய் ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்களைத்தான் தேடுது போல" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அவ போனதுலேர்ந்து வீட்ல இந்தச் சத்தம்தான். சுவத்துல, தலையணையில, பாத்திரத்துக்குள்ள. எழுதி முடிச்ச அன்னிக்குத்தான் நின்னுச்சு. அன்னிக்குத்தான் தூங்கினேன். என்னை என்ன வேணா நெனைச்சுக்கோங்க. மறுபடியும் என்னால முடியாது. அந்த வரியை வாசிச்சிடுங்க. போயிடுவா."

எழுந்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. படிகளில் அவர் இறங்கும் சத்தம் வேகமாக, மேலும் வேகமாக, கடைசியில் ஓட்டமாகக் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி அறை. இந்தப் பக்கம் திரையில் கோடு தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்து, கதவு வரைக்கும் வந்து, அதற்குமேல் வர முடியாத குழந்தைக்கு வாங்கும் மூச்சு.

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன்.

வாசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. "நீ போகலாம், கண்ணே. எனக்கு இனி நீ வேண்டாம்." எழுதியவரே கேட்டிருந்தால் அழுதிருப்பார். இருந்து கேட்கத்தான் அவருக்கு நேரமில்லை.

விசில் நின்றது.

மருந்து வாடை நின்றது.

கண்ணாடிக்கு அப்பால் திரையில் கோடு படுத்தது.

கத்தரி கட்டைவிரலை உயர்த்தினார். நான் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, கதவுப்பக்க இருட்டைப் பார்த்து இரண்டே வார்த்தை சொன்னேன்.

"கடைசில என்னக்கா சொன்னீங்க?" என்றார், வெளியே வந்ததும்.

"இருமினேன்."

"சரி, வெட்டிடறேன்." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அவரும் நல்ல மனிதர்தான். காது மட்டும் ரொம்பக் கூர்மை.

வீட்டுக்கு வந்து வாசற்கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர்: "யாருக்காகத் திறந்து வச்சிருக்க? கொசுவுக்கா?"

"ஆமா, அதுவாவது வரட்டும்" என்றேன். சாத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. கேட்கிறவர்களை அழவைப்பதோடு நில், ஆவிகளுக்கெல்லாம் அழைப்பு வைக்காதே என்று என்னை நானே திட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

காலையில் தங்கைக்கு வழக்கம்போல ஒரு குரல் செய்தி அனுப்பினேன். புத்தகம் முடிந்தது, முதுகு வலிக்கிறது, அடுத்த புத்தகமாவது நகைச்சுவையாகக் கிடைக்கட்டும் என்று. தேநீர் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது. கைபேசியைக் காதில் வைத்தேன்.

"ஏன்க்கா, யார் வீட்டுக் கொழந்தை அது? நீ பேசப் பேசப் பக்கத்துல இப்படி மூச்சு வாங்குது! மருந்து எதுவும் குடுக்கலையா?"

சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

அப்போதுதான் நெஞ்சில் அந்தக் கடுப்பு. குனிந்து பார்த்தேன். சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து. அதுவும் வேறொருத்தி பிள்ளைக்கு.

நின்றுவிடு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.