சன்னலோரக் கட்டிலின் பதிவுகள்

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் வார்டுக்குள் நுழைந்தபோது மழைமேகம் கவிந்து மாலையே இருண்டிருந்தது. காலையிலிருந்து அலைந்த கால்கள் கெஞ்சின. உள்ளே மருந்து நெடி. எங்கோ ஒரு இருமல், விட்டு விட்டு.

எழுந்து நடக்க முடியாதவர்களின் வார்டு அது. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு கேமரா. ஒரே ஒரு நர்ஸ் எல்லோரையும் திரையில் பார்த்துக்கொள்வாள். அந்தத் திரை இப்போது கறுத்துக் கிடந்தது.

புது மென்பொருளை இன்ஸ்டால் செய்ய வந்த ஆள் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாராம். இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார் போல என்றாள் நர்ஸ், சிரிக்காமல். பிறகு குரல் தாழ்ந்தது.

"ராத்திரிக்குள்ள சரி பண்ணிடுங்கண்ணே. இல்லன்னா எல்லார் கையையும் கட்டிலோட கட்டச் சொல்லிட்டாங்க. உருண்டு விழுந்துடுவாங்களாம். என்னால அது முடியாது."

மேசைமேல் துணிப்பட்டைகள் மடித்துத் தயாராக இருந்தன.

அவர் பெருமூச்சோடு உட்கார்ந்தார். டிஸ்க்கில் ஊசி குத்த இடமில்லை. வந்த ஆள் அதைப் பார்க்காமலே வேலையை ஆரம்பித்ததால், இன்ஸ்டால் பாதியில் மூச்சு நின்று, பழையதும் ஓடாமல் புதியதும் ஓடாமல் அந்தரத்தில் தொங்கியது. அரைகுறையாய் நின்றதைத் துடைத்தார். வேண்டாத கோப்புகளை அழித்தார். கொஞ்சம் இடம் கிடைத்தது. போதவில்லை.

எது இப்படி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினார். அத்தனையும் ஒரே கேமராவின் பதிவுகள்.

"சன்னலோரக் கட்டில்ல யாரும்மா?"

"யாருமில்லையே. அது காலிதாண்ணே, நான் வந்த நாளா."

அவர் கை அப்படியே நின்றது. ஏதாவது அசைந்தால்தான் இந்தக் கேமராக்கள் பதிவே செய்யும்.

ஒன்றைத் திறந்து பார்த்தார்.

வெற்றுக் கட்டில். சுருக்கமில்லாத விரிப்பு.

மெத்தையின் நடுப்பகுதி மெல்ல அமுங்கியது. யாரோ உடம்பு அலுத்துச் சாய்வது போல.

மூடிவிட்டார். பயப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அதுவும் தன்னைப் போல எங்கெங்கோ அலைந்துவிட்டுப் படுக்க வருகிறது என்றுதான் தோன்றியது.

பின்னால் நின்றிருந்த நர்ஸ் கிசுகிசுத்தாள். "அழிச்சா ஒண்ணும் ஆகாதே?"

"அழிக்கலன்னா இடமில்லம்மா."

அழித்தார். மறுபடி நிரம்பக் கூடாதென்று அந்தக் கேமராவையும் எடுத்துவிட்டார். நர்ஸ் போய், எதுவும் படுக்க முடியாதபடி மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு வந்தாள்.

இந்த முறை இன்ஸ்டால் தடங்கலில்லாமல் முடிந்தது. திரையில் கட்டில்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. நர்ஸ் துணிப்பட்டைகளை அள்ளி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஒரு நிமிடம் போதும் என்று.

"அண்ணே."

நர்ஸ் திரையில் காட்டியது சன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலை. அதில் இருக்கும் பெரியம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டும்.

"ஆயாவும் நானும் நடுவுலதான் படுக்க வச்சோம்," என்றாள் நர்ஸ். உதடுகள் வெளுத்திருந்தன.

பெரியம்மா ஒரு ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள். பாதிக் கட்டில் காலியாக இருந்தது. அவள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கை மட்டும் அந்தக் காலி இடத்தை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.